வரிசையில் நின்ற குடங்களும் என் வீட்டுக்காரரின் மூக்குக் கண்ணாடியும்

1

மெல்பர்னில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு தபால் பெட்டி இருக்கிறது. அதில் நல்ல சேதி வந்து நான் பார்த்ததில்லை. கரண்ட் பில் வரும், பீட்ஸா கடை நோட்டீஸ் வரும், யார் வீட்டுப் பூனையையோ காணோம் என்று படம் வரும். போன செவ்வாய்க்கிழமை அரசாங்கத்திலிருந்து என் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. சென்ற மாதத் தேர்தலில் நான் ஓட்டுப் போடவில்லையாம். ஏன் போடவில்லை என்று காரணம் எழுத வேண்டுமாம். காரணம் அவர்களுக்குத் திருப்தியாக இல்லாவிட்டால் அபராதமாம்.

ஊரில் இருக்கிற உங்களுக்கு இது விளங்காது. இந்த நாட்டில் ஓட்டுப் போடாமல் இருப்பது குற்றம். நம்மூரில் வீடு தேடி வந்து கும்பிட்டு "ஓட்டுப் போடுங்கம்மா" என்று கெஞ்சுவார்கள். இங்கே வீடு தேடி வந்து மிரட்டுகிறார்கள்.

ஆனால் நான் போட்டேன்! கொட்டுகிற மழையில் குடை பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூட வாசலில் அவர்கள் வாட்டி விற்கிற சாசேஜ் புகையில் மூக்கைப் பொத்திக்கொண்டு, வரிசையில் நின்று போட்டேன். உள்ளே மேஜைக்குப் பின்னால் இருந்த இளைஞன் பெயர் கேட்டான், விலாசம் கேட்டான், கடைசியில் "இந்தத் தேர்தலில் ஏற்கெனவே ஓட்டுப் போட்டுவிட்டீர்களா?" என்று கேட்டான். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். ஆனால் என்னிடம் கேட்டிருக்கக் கூடாது. "நான் போடலை தம்பி. என் பேரில் வேறு யாராவது போட்டார்களா என்று நீதான் பார்த்துச் சொல்லணும்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

கடிதத்தைப் படித்துவிட்டு என் மகள் நித்யா குதித்தாள். "அம்மா, யூ ஆர் எ கிரிமினல்!" அவளுக்குப் பதிமூன்று வயது. அம்மா ஜெயிலுக்குப் போவாள் என்றால் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்ள ஒரு விஷயம் கிடைத்த மாதிரி.

நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். பேப்பரை மடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டில் ஓட்டு என்ற பேச்சு எழுந்தால் மனிதர் தோட்டத்துக்குத்தான் போவார். மழையானாலும் சரி, வெயிலானாலும் சரி. அதற்குக் காரணம் ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது.

2

எண்பதுகளின் நடுவில், ரொம்ப வருஷம் நடக்காமலிருந்து ஒருவழியாக உள்ளாட்சித் தேர்தல் வந்தது. அப்போது நாங்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில் புதிதாக முளைத்த ஒரு காலனியில் இருந்தோம். நித்யா என் இடுப்பில் இருந்தாள். என் வீட்டுக்காரர் ராமநாதனுக்குத் தாம்பரத்திலிருந்து மின்சார ரயில் பிடித்துப் போகிற ஆபீஸ் வேலை, மீதி நேரமெல்லாம் மனு எழுதுகிற வேலை. தெருவிளக்குக்கு மனு, நாய்க்கு மனு, நாய் குரைக்காத தெருவில் திருடன் வந்தால் அதற்கும் மனு.

அதற்கு முன் நடந்த சட்டசபைத் தேர்தலில் எங்கள் பக்கம் கள்ள ஓட்டு ஏகத்துக்கு விழுந்திருந்தது. அதனால் இவரும் காலனிப் பெரிய மனிதர்கள் நாலைந்து பேரும் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்தார்கள். நேர்மையான தேர்தலுக்கான குடிமக்கள் விழிப்புணர்வுக் குழு. பெயர் இவர் வைத்தது, செயலாளரும் இவர்தான். தாம்பரத்தில் ரப்பர் ஸ்டாம்ப் செய்யக் கொடுத்தார். இத்தனை நீளப் பெயர் அந்த வட்டத்துக்குள் அடங்குமா? அடங்கிய வரைக்கும் வெட்டிக் கொடுத்துவிட்டான். "நேர்மையான தேர்தலுக்கான குடி" என்று முடிந்துவிட்டது. அந்த முத்திரையைக் குத்தித்தான் எல்லா அதிகாரிகளுக்கும் மனு போனது. ஒரு அதிகாரி, சாராயக் கடை ஏலம் வேறு ஆபீஸ் என்று பதில் எழுதினார்.

எனக்கு அந்தக் குழுவைவிட எஸ்தர் அக்காவின் வழக்குதான் பெரிதாகத் தெரிந்தது. எஸ்தர் அக்கா காலனிக்குப் பின்னால் இருந்த பழைய ஊர்க்காரர். மேடவாக்கம் பக்கம் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போவார். எங்கள் இரண்டு பேருக்கும் தெருக்குழாயடியில்தான் சிநேகம். காலனிக் கிணறுகளில் உப்புத் தண்ணீர், வாயில் வைக்க முடியாது. நல்ல தண்ணீர் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த ஒரே ஒரு குழாயில் வரும். காலையில் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் அதற்கு எப்போது மனசு வருகிறதோ அப்போது வரும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். அதற்காக எல்லாரும் விடியற்காலையிலிருந்து நிற்க முடியுமா? குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போய் வேலையைப் பார்ப்போம். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. குடத்தைத் தாண்டி யாராவது முன்னால் போனால் அன்றைக்கு அங்கே கொலை விழும்.

முந்தின தேர்தலன்று எஸ்தர் அக்கா தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு ஓட்டுப் போடப் போயிருக்கிறார். "உன் ஓட்டு விழுந்துடுச்சும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"எவளோ என் பேரைச் சொல்லிகினு வந்து குத்திட்டுப் போய்க்கீறா வசந்தாம்மா. அவ எதுல குத்தினான்னுகூட எனுக்குத் தெரியாது. யாரு ஜெயிச்சாலும் நான்தான் போட்டேனோன்னு மனசு அடிச்சுக்குது" என்று குழாயடியில் என்னிடம் சொன்னார். "இந்தவாட்டி வுட மாட்டேன். என் ஓட்ட நான்தான் போடுவேன்."

இதை நான் ராமநாதனிடம் சொன்னேன். "ஓட்டுப் போடற அன்னிக்கு மட்டும் தண்ணி விடற நேரத்தை மாத்தச் சொல்லி ஒரு மனு போடுங்களேன். இல்லேன்னா இந்தப் பொம்பளைங்க எல்லாம் குழாயடியில நிப்பாங்க, அங்க இவங்க ஓட்டு காணாமப் போயிடும்."

அவர் யோசித்தார். "அது குடிநீர், வசந்தா. இது ஜனநாயகம். ரெண்டையும் கலக்கக் கூடாது" என்றார்.

3

எங்கள் வார்டில் இரண்டு பேர் நின்றார்கள். சைக்கிள் கடை வைத்திருந்த கோவிந்தனுக்குச் சின்னம் குடம். ரேஷன் கடைக்குப் பக்கத்தில் மாவு மில் வைத்திருந்த கண்ணப்பனுக்கு மூக்குக் கண்ணாடி. ஊர் அவர்களைக் குடம் கோவிந்தன் என்றும் கண்ணாடி கண்ணப்பன் என்றும் உடனே கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

குழுவின் முதல் கூட்டத்திலேயே என் வீட்டுக்காரர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். வாக்குச்சாவடிக்கு நூறு மீட்டருக்குள் எந்த வேட்பாளரின் சின்னமும் இருக்கக் கூடாது. வாக்குச்சாவடி பள்ளிக்கூடத்தில். பள்ளிக்கூடத்துக்கு எதிரே குழாய். குழாயடி முழுக்கக் குடம்! பித்தளைக் குடம், எவர்சில்வர் குடம், சிவப்பும் பச்சையுமாகப் பிளாஸ்டிக் குடம். "இது அப்பட்டமான விதிமீறல்" என்று கூட்டத்தில் கையை ஓங்கினாராம். எல்லாரும் கை தட்டினார்களாம்.

மறுநாள் என் கொடிக்கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட வாசலிலிருந்து அளந்தார்கள். அளந்துகொண்டே வந்ததில் எங்கள் சமையலறையும் நூறு மீட்டருக்குள் விழுந்தது. மனிதர் நேராக உள்ளே வந்து, என் இரண்டு பித்தளைக் குடங்களின் மேல் பெட்ஷீட்டைப் போட்டு மூடினார்.

"ஐயோ, இது என்ன கூத்து? நான் எப்படித் தண்ணி எடுக்கறது?"

"சட்டம் முதல்ல நம்ம வீட்டிலேர்ந்து ஆரம்பிக்கணும்" என்றார்.

"அப்படியே ஒரு புடவையும் கட்டிவிட்டுப் பூவும் வெச்சுடுங்க" என்றேன். ஈரத் துணிகளை எங்கே காயப் போடுவது என்ற கோபம் எனக்கு.

குழாயடிக் குடங்களையும் சாக்குப் போட்டு மூடச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள். அதன் பிறகுதான் வேடிக்கை. அதுவரை குடத்தை யாரும் குடமாகத்தான் பார்த்தார்கள். சாக்கு போட்டதும், "இதுக்குள்ள இன்னா கீது?" என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் தூக்கிப் பார்த்தான். தூக்கினால் குடம். ஊர் முழுக்கக் குடத்தைப் பற்றியே பேச்சு. கோவிந்தன் எங்கள் வீட்டுக்கு வந்து இவருக்கு மாலை போடாத குறை.

ஆனால் அவர் கெட்டிக்காரர். வந்த கையோடு ஒரு ஆட்சேபணையையும் வைத்தார். "சார், கொடத்த மூடிட்டீங்க, ரைட்டு. கண்ணாடிய இன்னா பண்ணப்போறீங்க? நீங்களே மூஞ்சில கண்ணப்பன் சின்னத்த மாட்டிகினுதான சுத்தினுகீறீங்க?"

என் வீட்டுக்காரருக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடி இல்லாவிட்டால் மாட்டுக்கும் மாட்டு வண்டிக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் நியாயம் என்று வந்துவிட்டதே. வாக்காளர்கள் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம், நடுநிலைக் குழுவினர் மட்டும் நூறு மீட்டருக்குள் போடக் கூடாது என்று அன்றே தீர்மானம் போட்டார். குழுவில் மற்றவர்களுக்கெல்லாம் நல்ல கண். மாட்டிக்கொண்டது இவர் ஒருவர்தான்.

4

தேர்தலன்று காலை கண்ணாடியைக் கழற்றி அலமாரியில் வைத்தார். வாசல்படியில் ஒரு தடவை, கேட்டில் ஒரு தடவை இடித்துக்கொண்டு ஜனநாயகத்தைக் காப்பாற்றப் போனார்.

நான் நித்யாவை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். அங்கே பார்த்தால், எஸ்தர் அக்கா தன் ஒரு குடத்தைக் குழாய் வரிசையில் வைத்துவிட்டு, இன்னொரு குடத்தைக் கொண்டுபோய் பள்ளிக்கூட வாசலில் பெண்கள் வரிசையில் வைத்துவிட்டு வந்து நிற்கிறார்! அதைப் பார்த்து அடுத்தவள் வைத்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் ஆண்கள் வரிசையில் ஆண்கள் நின்றார்கள், பெண்கள் வரிசையில், சாக்கையெல்லாம் எப்போதோ உதறிவிட்ட குடங்கள் நின்றன. தண்ணீர் எந்த நிமிஷமும் வரலாம், யாரால் இங்கே விட்டுவிட்டு அங்கே போய் நிற்க முடியும்?

என் வீட்டுக்காரர் மெதுவாகத் தடவிக்கொண்டு அந்த வரிசைப் பக்கம் வந்தார். நெற்றியைச் சுருக்கிப் பார்த்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"பாருங்க, பெண்கள் எவ்வளவு ஒழுங்கா, சத்தமே இல்லாம நிக்கறாங்க" என்று ஆண்கள் வரிசையைப் பார்த்துச் சொன்னார். பிறகு முதல் குடத்துக்குக் கை கூப்பி, "வணக்கம்மா. கொஞ்சம் நிழல்ல தள்ளி நில்லுங்க, வெயில் ஏறுது" என்றார்.

சிரித்த சிரிப்பில் ஆண்கள் வரிசை கலைந்துபோயிற்று. எனக்கு மட்டும் பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது.

அதற்குள் கண்ணாடி கண்ணப்பனின் ஏஜெண்ட் கத்த ஆரம்பித்துவிட்டான். "சார்! சார்! கொடம் சின்னம் வாசல்லயே வரிசை கட்டி நிக்குது சார்! இன்னா சார் அநியாயம்! எல்லாத்தையும் தூக்கிக் கடாசுங்க!"

உள்ளே இருந்து தேர்தல் அதிகாரி வந்தார். வெளியூர் ஆள், பாவம், இளவயது. குடங்களைப் பார்த்தார், கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். புத்தகத்தில் இதற்கு வழி இல்லை போலிருக்கிறது. "எடுத்துடுங்கம்மா. ஓட்டுப் போடறவங்க ஆளா வந்து நில்லுங்க" என்றார்.

எஸ்தர் அக்கா குழாயடியிலிருந்து ஓடினார். தன் குடத்தின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சார், அது கொடம் இல்ல சார். அது நான்."

அதிகாரி விழித்தார். ஏஜெண்ட் விடவில்லை. "கொடம் ஓட்டு போடுமா?"

"கொடம் போடாது. கொடம் நிக்கும். நான் போடுவேன். போனவாட்டி தண்ணிக்கு நின்னேன், என் ஓட்ட எவளோ திருடிகினு பூட்டா. இந்தவாட்டி ஓட்டுக்கு நின்னா தண்ணி பூடும். புள்ளைங்களுக்கு நாள்பூரா இன்னாத்த குடுக்கறது? ரெண்டும் ஒரே நேரத்துக்கு வெச்சது நானா? நீயே சொல்லு சார்!"

 அப்போது பார்த்து, எதிரே குழாய் புஸ்ஸென்று காற்று விட்டது. தண்ணீர் வரப் போகிறது. பெண்கள் இங்கே ஒரு காலும் அங்கே ஒரு காலுமாகத் தவித்தார்கள்.

என் வீட்டுக்காரரை நான் எத்தனையோ திட்டியிருக்கிறேன். ஆனால் அந்த இடத்தில் மனிதர் ஜெயித்துவிட்டார். தடவித் தடவி அதிகாரியிடம் போனார். வாக்குச்சீட்டு மாதிரியை வாங்கி மூக்கில் ஒட்டுகிற மாதிரி வைத்துப் பார்த்தார்.

"சார், சீட்டுல இருக்கிற சின்னத்துக்கு வாய் மேல இருக்கு. கவிழ்த்து வெச்ச குடம் சின்னம் ஆகாது. எல்லாத்தையும் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்க. வரிசை வரிசையாவே இருக்கட்டும்."

அதிகாரி அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. "ஆமா! கவிழ்த்து வைங்கம்மா!" என்றார். டங்கு டங்கென்று பெண்கள் வரிசை முழுக்கத் தலைகீழாயிற்று. 

தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. எஸ்தர் அக்காவின் குழாய் முறை வருவதற்குள் அங்கே அவருடைய ஓட்டு முறை வந்துவிடும் போலிருந்தது. "நீங்க போங்கக்கா, உங்க குடத்தை நான் பிடிச்சு வைக்கறேன்" என்றேன். போனார். எனக்குத் தண்ணீரில் கண் இல்லை, பள்ளிக்கூட வாசலிலேயே கண். இந்தத் தடவையும் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ?

கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார். மை வைத்த விரலை நெட்டுக்குத்தாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அது எங்கேயும் பட்டுவிடாமல், தெருவைத் தாண்டி என்னிடம் வந்தார். கண்ணில் தண்ணீர்.

"கீதும்மா! என் ஓட்டு கீது! நானே போட்டேன்!"

என் நெஞ்சு நிறைந்துபோயிற்று. "குடத்துக்குத்தானே போட்டீங்க?" என்று காதோடு கேட்டேன்.

"நல்லா கேட்ட போ! தெனம் அத்த தூக்கிகினு அல்லாடறேன், அதுக்கு ஓட்டு வேற போடணுமா?" என்றார்.

5

எஸ்தர் அக்கா நித்யாவை வாங்கிக்கொண்டார். தண்ணீர்க் குடங்களை அவர் பார்த்துக்கொள்ள, நான் புடவையைப் பிழிந்து விட்டுக்கொண்டு என் ஓட்டைப் போடப் போனேன். பெயரைச் சொன்னேன். எழுதுகிறவர் பார்த்தார், இன்னொரு தடவை பார்த்தார்.

"வசந்தா, கணவர் பெயர் ராமநாதன். உங்க ஓட்டு விழுந்துடுச்சேம்மா."

"யார் போட்டது?"

"நீங்கதான்."

"நான் இப்பத்தானே வரேன்! கையைப் பாருங்க, மை இருக்கா?"

அதிகாரி வந்தார். முகத்தில் ஈ ஆடவில்லை. "அம்மா, உங்க பேரைச் சொல்லிக்கிட்டு வந்த அந்த அம்மா மேலே எனக்கே சந்தேகம் வந்துச்சு. பூத் ஏஜெண்டும் ஆட்சேபிச்சார். அதனால தெரிஞ்சவங்க யாராவது அடையாளம் காட்டட்டும்னு வெளியில கேட்டேன். குழுச் செயலாளரே இருந்தார். 'சார், இவங்கதான் உங்க சம்சாரமா?'ன்னு கேட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"நல்லாப் பார்த்துட்டு, 'ஆமாம், இவள்தான்'னார்."

அதன் பிறகு நடந்ததை நான் எழுதப் போவதில்லை. என்னைச் சமாதானப்படுத்த அதிகாரி ஒரு தனிச் சீட்டு தருவதாகச் சொன்னார். அதில் குத்திக் கொடுத்தால் தனிக் கவரில் போட்டு வைப்பார்களாம். "எண்ணுவீங்களா?" என்றேன். "எண்ண மாட்டோம்மா" என்றார். "அப்புறம் எதுக்கு?" என்றேன். "உங்க மனசு ஆறட்டும்னுதான்" என்றார். என் மனசு ஒன்றும் ஆறவில்லை.

வாசலில் என் வீட்டுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "உன் உயரம்தான் இருந்தா, வசந்தா. குரல் ஒரு மாதிரி கரகரன்னு இருந்தது. தண்ணில நின்னு சளி பிடிச்சிருக்கும்னு நினைச்சேன்."

குடம் கோவிந்தன் ஜெயித்தார். தண்ணீர் பழைய நேரத்திலேயே வந்தது. எனக்குக் கோபம் தணிந்தால் குன்றத்தூர் மலையேறி வருவதாக இவர் முருகனிடம் வேண்டிக்கொண்டார். அந்த வேண்டுதல் இன்னும் பாக்கி. நாலு வருஷம் கழித்து இந்த நாட்டுக்குக் கிளம்பியபோது, வழியனுப்ப வந்த எஸ்தர் அக்கா என்னிடம் ரகசியமாக, "அந்த ஊர்லயாவது ஒன் ஓட்ட நீயே போடு வசந்தாம்மா. சாரை மட்டும் சாட்சிக்குக் கூப்டாத" என்று சொல்லி அனுப்பினார்.

6

இந்தக் கதையை நித்யாவுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். தமிழில் பாதி அவளுக்கு ஏறாது. குடம் என்றால் பூ வைக்கிற ஜாடி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். "வேஸ் எதுக்கும்மா கியூல நிக்கணும்?" என்பாள்.

ஆனால் கடித விஷயத்தில் மூளை வேலை செய்தது. "அம்மா, அந்தப் பையன் உன்கிட்டே பேர் கேட்டப்போ நீ என்ன பண்ணினே? அப்படியே செஞ்சு காட்டு" என்றாள். அந்தப் பையன் ஸ்கேலால் ஒரு வரியைத் தொட்டு, 'இதுவா?' என்று கேட்டான், அது பக்கத்துத் தெரு விஜயா ராமநாதன் பெயர். அதற்கு மேல் வரியைத் தொட்டு 'இதுவா?' என்றான், அது என் பெயர். இரண்டு தடவையும் தலையாட்டினேன் என்று ஆட்டிக் காட்டினேன். நித்யா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் இல்லை என்று ஆட்டியதும் ஆமாம் என்று ஆட்டியதும் அவள் கண்ணுக்கு ஒன்றாகவே இருந்ததாம். இந்த ஊர்க்காரனுக்கு எப்படித் தெரியும்? இரண்டில் முதலாவதைத்தான் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு விஜயாவின் பெயரில் கோடு போட்டிருப்பான். அங்கே போடாதவளைப் போட்டாய் என்றார்கள். இங்கே போட்டவளைப் போடவில்லை என்கிறார்கள். என் தலையெழுத்து அப்படி.

நான் சொல்லச் சொல்ல நித்யா பதிலைக் கம்ப்யூட்டரில் அடித்தாள். முடிக்கும்போது தோட்டத்துக் கதவு திறந்தது.

"சாட்சி ஒண்ணும் சேர்த்து அனுப்பினா நல்லது" என்றார் என் வீட்டுக்காரர். மனு எழுதின கை, சும்மா இருக்குமா? "அன்னிக்கு நானும் கூட வந்தேனே. நீ பெட்டியில போட்டதை என் கண்ணால பார்த்தேன்."

"எந்தக் கண்ணால?" என்றேன்.

 நித்யா அவர் பெயரில் நாலு வரி அடித்து, அச்செடுத்து மேஜையில் வைத்தாள். பேனாவை எடுத்தவர் கீழே வைத்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடி துடைத்து மாட்டிக்கொண்டார்.

"வசந்தா, கொஞ்சம் ஜன்னல் பக்கமா வந்து நில்லு."

"இது என்ன கூத்து, கையெழுத்தைப் போடுங்க!"

"இரு, அவசரப்படுத்தாதே. ஒரு தடவை அவசரப்பட்டது போதும்."

ஜன்னல் பக்கம் போய் நின்றேன். கிட்டே வந்து நெற்றியைப் பார்த்தார், மூக்குத்தியைப் பார்த்தார், காதோரம் நரைத்திருப்பதையும் பார்த்திருப்பார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதுகூட மனிதர் இவ்வளவு நேரம் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன், சிரித்தால் முகம் மாறி வேறு யாராகவோ தெரிந்துவிடப் போகிறேன்.

"ஆமாம், இவள்தான்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.